தாய்மாமன் இல்லாத பத்திரிகை

கல்யாணப் பத்திரிகையைத் தலைப்பிலிருந்து அச்சகத்தின் பெயர் வரைக்கும் ஒருவர் நிதானமாகப் படிக்கிறார் என்றால், அதில் அவர் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். பெயர் இருந்தால் யாரும் படிப்பதில்லை. கண் நேராகப் போய்த் தன் பெயரில் உட்காரும், வாய் 'நல்லா அடிச்சிருக்காங்க' என்று சொல்லும், பத்திரிகை காலண்டர் ஆணியில் செருகப்படும். அவ்வளவுதான் அதன் ஆயுள்.

இதை என் பதினாறு வயதில் யாராவது காதைத் திருகிச் சொல்லியிருந்தால் எங்கள் சரசக்காவின் கல்யாணம் அந்தப் பாடு பட்டிருக்காது. சொல்ல ஆளில்லை. சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன். நான் அப்போது காலேஜுக்குப் போய்க்கொண்டிருந்தேன் அல்லவா.

எழுபதுகளின் நடுப்பகுதி. கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே எங்கள் ஊர். கடலைக்காடும் கொஞ்சம் நெல்வயலும் வைத்திருந்த குடும்பம். பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படிக்கப் போன முதல் ஆள் எங்கள் வீட்டில் நான்தான். ப்ரீ டிகிரி முதல் வருஷம். காலைப் பஸ்ஸில் பாலக்காட்டுக்குப் போய்ச் சாயங்காலம் திரும்புவேன். பஸ் ஏறும்போது ஊரே என்னைப் பார்க்கிறது என்று ஒரு நினைப்பு. (பார்த்தது எங்கள் எருமை மட்டும்தான். அதுவும் தண்ணீர் காட்ட ஆளில்லையே என்றுதான் பார்த்திருக்கும்.)

என் தலையில் கனம் ஏறியதற்கு முழுக் காரணம் எஸ்தர் மிஸ். தமிழ் எடுக்க வந்தவர். பீர்மேட்டுப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். அப்பா எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். எங்களைவிட ஏழெட்டு வயது கூடுதலாக இருந்தால் அதிகம். முதல் நாள் வகுப்புக்குள் வந்தவர் பாடப்புத்தகத்தைத் தொடவே இல்லை. கைப்பையைத் திறந்து ஒரு சோப்பு உறை, ஒரு பஸ் டிக்கெட், ஒரு இருமல் மருந்துப் பாட்டில், கசங்கிய சினிமா நோட்டீஸ் ஒன்று, எல்லாவற்றையும் மேஜையில் பரப்பினார். கடை வைக்கப் போகிறாரோ என்று பின்பெஞ்சில் யாரோ முணுமுணுத்தார்கள்.

"இதெல்லாம் யாரோ உக்காந்து யோசிச்சு எழுதுனதுதான? எழுதுனது யாரு, யாருக்கு எழுதுனாங்க, எதுக்கு எழுதுனாங்கன்னு பாக்கணும்லா?" என்றார். நாங்கள் அதுவரை சோப்பை யாராவது எழுதுவார்கள் என்று நினைத்ததே இல்லை.

பிறகு அவர் செய்ததை இன்று நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது. பஸ்ஸில் எழுதியிருக்குமே, 'கை, தலை வெளியே நீட்டாதீர்' என்று, அதைப் பலகையில் எழுதினார். 'கை' என்ற சொல்லின் மேல் விரலை வைத்து மூடினார். இப்போது என்ன குறைகிறது என்று கேட்டார். வகுப்பு யோசித்தது. யாருக்கோ கை போகும் மிஸ் என்று ஒருத்தி சொன்னாள். எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்தபோது, அந்த ஒற்றை எழுத்துச் சொல் எத்தனை பேருடைய கையை உடம்போடு ஒட்டி வைத்திருக்கிறது என்பது எங்களுக்கு உறைத்துவிட்டது. மருந்துப் பாட்டிலில் 'குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்' என்பதை மூடினார். சினிமா நோட்டீஸில் 'இன்றே கடைசி' என்பதை மூடினார். மூட மூட ஒவ்வொரு சொல்லும் தான் பார்க்கிற வேலையைத் தானே எழுந்து நின்று சொல்லியது. பெரிய பெரிய பண்டிதர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன். ஒரு பஸ் டிக்கெட்டை அப்படிப் பேச வைத்தவரை நான் வேறு எங்கும் பார்க்கவில்லை.

எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. உர மூட்டை, எண்ணெய் டின், தீப்பெட்டி, மளிகைச் சாமான் கட்டி வந்த காகிதம் என்று எழுத்து இருந்த எதையும் நான் விடவில்லை. விரலை வைத்து மூடுவதும் திறப்பதுமாகவே வீட்டில் திரிந்தேன். அப்பாவுக்கு ஒரே பெருமை. வருகிற உறவுக்காரர்களிடம், எங்க கமலம் சோப்புத் தாளுக்கே அர்த்தம் சொல்லுவாளுங்க என்று என்னைக் கூப்பிட்டு நிறுத்துவார். அந்தச் சோப்பைப் போட்டு ரெண்டு துணி துவைத்தால் தேவலை என்று அம்மா உள்ளேயிருந்து சொல்லுவாள். சரசக்கா மட்டும் என் நோட்டை வாங்கி உட்கார்ந்து படிப்பாள். எஸ்.எஸ்.எல்.சி.யோடு அவள் படிப்பு நின்றுபோயிருந்தது. படிக்க வைத்திருந்தால் என்னைவிட நன்றாகப் படித்திருப்பாள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எஸ்தர் மிஸ் சொல்லை மூடிவிட்டு 'என்ன குறையுது?' என்று கேட்பார். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார். நானோ மூடுவேன், கேட்பேன், அடுத்த மூச்சிலேயே 'ஒன்றும் குறையவில்லை' என்று நானே பதிலும் சொல்லிவிடுவேன். குறையவில்லை என்றால் அந்தச் சொல் எதற்கு, கோடு போட்டு அடி. இப்படி மிஸ் சொல்லாத ஒரு பாதியை நானாகச் சேர்த்துக்கொண்டு, அதற்கு மிஸ் பெயரையும் வைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் தை மாதம் சரசக்காவுக்குக் கல்யாணம் குதிர்ந்தது. மாப்பிள்ளை சுப்பிரமணியம், பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர். ஆனால் இந்தக் கல்யாணத்தின் பெரிய மனிதர் மாப்பிள்ளை இல்லை. நாச்சிமுத்து மாமன்.

மாமன் அம்மாவின் அண்ணன். ஊர் கோவிந்தாபுரம். ஆள் ஆறடி, மீசை அதில் பாதி. அவருடைய மகனுக்குத்தான் சரசக்கா முறைப்பெண். முறைக்காரன் இருக்கும்போது பெண்ணை வெளியே கொடுத்தால் எங்கள் பக்கத்தில் மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. ஆனால் இருவரும் அண்ணன் தங்கை மாதிரி வளர்ந்தவர்கள்; இருவருக்குமே விருப்பமில்லை. இதை எப்படி மாமனிடம் சொல்வது என்று அப்பாவும் அம்மாவும் வருஷக்கணக்கில் தவித்துக்கொண்டிருந்தபோது, மாமனே ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே, பிள்ளைகளுக்குப் பிடிக்காததைக் கட்டிவைத்து நாம் என்ன சாதிக்கப் போகிறோம் என்றார். "நல்ல எடமாப் பாருங்க. பட்டம் கட்டறதுக்கு நான் வந்து நிக்கறேன்" என்றார். அம்மா அன்றைக்கு அழுத அழுகை சந்தோஷத்தில் அழுதது.

பட்டம் என்பது பெண்ணின் நெற்றியில் கட்டுவது. அதைத் தாய்மாமன்தான் கட்ட வேண்டும். தாய்மாமன் கை படாமல் எங்கள் கல்யாணங்களில் தாலி பக்கத்தில்கூட வராது. தன் மகனுக்கு வரவேண்டிய பெண்ணுக்கு, வேறொருவன் தாலி கட்டுவதற்காகத் தானே வந்து பட்டம் கட்டுகிறேன் என்று சொல்வதற்கு எவ்வளவு பெரிய மனசு வேண்டும். எங்கள் வீட்டில் அதற்கப்புறம் மாமன் பேச்சு வந்தால் எல்லோரும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவோம்.

இந்த நிலைமையில்தான் அப்பா ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். இதைப் பார்த்துப் புதுசாக எழுது, காலேஜுப் பிள்ளை எழுதினால் அது ஒரு தினுசாக இருக்கும் என்றார். (தினுசாகத்தான் இருந்தது.)

நான் விரலை எடுத்தேன்.

'சுபயோக சுபதினத்தில்.' மூடினேன். கெட்ட நாள் பார்த்து யாராவது கல்யாணம் வைப்பார்களா? அடி. 'தங்கள் சுற்றமும் நட்பும் சூழ.' சொல்லாவிட்டால் மட்டும் தனியாகவா வரப்போகிறார்கள்? ஒரு வண்டி நிறைய வருவார்கள். அடி. 'பெரியோர்களால் நிச்சயிக்கப்பட்டு.' எங்கள் அப்பாவைத் தெரிந்த யாருக்கும் இதைச் சொல்லத் தேவையே இல்லை. அடி. கடைசியில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று போட்டு ஒரு கூட்டமே நின்றது. பெரியப்பா, சித்தப்பா, அத்தைமார், மருமகன்மார். இந்த இடத்தில் முதல் பெயராக வரவேண்டியது தாய்மாமன் பெயர். அதன்மேல் விரலை வைத்தேன். மாமன் வருவார் என்பதில் யாருக்குச் சந்தேகம்? ஒன்றும் குறையவில்லை.

ஒரு கணமாவது கை நடுங்கியது என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். நடுங்கவில்லை.

மிஞ்சியது இதுதான்: 'சரஸ்வதிக்கும் சுப்பிரமணியத்துக்கும் கல்யாணம்.' கீழே தேதி, நேரம், இடம். அதற்குக் கீழே 'வரவும்'. அதற்கும் கீழே அப்பா பெயர். அப்பாவையும் எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். அச்சுக்கூலி கொடுக்கிறவராயிற்றே என்று விட்டுவைத்தேன்.

கொல்லங்கோட்டு அச்சகத்துக்காரர் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். இவ்வளவுதானா என்றார். இவ்வளவுதான் என்றேன். கீழே இவ்வளவு இடம் காலியாகக் கிடக்கிறதே, மாலையோடு ரெண்டு யானைப் படமாவது போடட்டுமா என்று கேட்டார். யானை இந்தச் செய்தியில் என்ன வேலை பார்க்கிறது என்று நான் அவரைக் கேட்டேன். அவர் பாவம், யானை அச்சை எடுத்த இடத்திலேயே வைத்தார்.

அச்சடித்த பத்திரிகைக் கட்டை வாங்க அப்பாவும் நானும் போனோம். அப்பா ஒன்றை எடுத்துத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். கொட்டை எழுத்தில் அவர் பெயர். எழுத்து எடுப்பாக இருக்கிறது என்று சொல்லி எல்லாவற்றையும் பையில் வைத்தார். முதல் பத்திரிகை சாமிக்கு, இரண்டாவது தாய்மாமனுக்கு என்பது எங்கள் வழக்கம். வீட்டுக்குப் போகாமல் அப்படியே கோயிலுக்குப் போய் ஒன்றைச் சாமி காலடியில் வைத்துவிட்டு, மூலையில் மஞ்சள் தடவிய இன்னொன்றோடு கோவிந்தாபுரம் பஸ் ஏறினோம்.

மாமன் எங்களை வரவேற்ற விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, பத்திரிகையை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிரித்தார். பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் மேலிருந்து கீழே போயிற்று, கீழிருந்து மேலே வந்தது. பின்பக்கம் திருப்பினார். பின்பக்கம் வெறும் தாள். உறைக்குள் இன்னொரு தாள் இருக்கிறதா என்று ஊதிப் பார்த்தார். நான் அப்போதும், மாமன் என் நடையை ரசிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

"இது யாரு வெச்ச கண்ணாலமுங்க?" என்றார் அப்பாவைப் பார்த்து. "பெரியவங்க யாரும் பேசி முடிக்கலீங்களா? ஓடிப்போற புள்ளைகளுக்கு இப்படித்தான் அடிப்பாங்க."

அப்பா பத்திரிகையை வாங்கிப் பார்த்தார். முதல்முறையாகப் படித்தார். அவர் நெற்றியில் வேர்வை பொடித்ததைப் பார்த்துத்தான் ஏதோ சரியில்லை என்று எனக்குப் புரிந்தது. அச்சுப் பிழை, மறந்துபோச்சு, மாற்றி அடிச்சிடறேன் என்று அப்பா தடுமாறினார். மாமன் குரலை உயர்த்தவே இல்லை. அத்தையைக் கூப்பிட்டு எங்களுக்குச் சாப்பாடு போடச் சொன்னார். நாங்கள் சாப்பிட்டோம் (சாப்பிடாமல் எழுந்தால் அது இன்னொரு குற்றம்). கிளம்பும்போது பத்திரிகையை மட்டும் அப்பா கையில் திருப்பிக் கொடுத்தார்.

"மாத்தியெல்லாம் அடிக்க வேண்டாமுங்க. கேட்டு வாங்கற மருவாதி எனக்கு எதுக்கு? பத்திரிகையில இல்லாதவன் பந்தல்ல வந்து என்ன பண்றது."

திரும்பும் பஸ்ஸில் அப்பா பத்திரிகையைப் பையின் அடியில் செருகி வைத்தார். அன்றைக்கு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்த நான், வெளியே இருந்த ஒரு போர்டைக்கூடப் படிக்கவில்லை.

வீட்டில் இழவு விழுந்தது போல் ஆயிற்று. அம்மா மறுநாள் அண்ணனைப் பார்க்கப் போய் அழுதுகொண்டே திரும்பினாள். மாமன் மனதில் விஷயம் இப்படிப் பதிந்திருந்தது: பெண்ணை விட்டுக்கொடுத்தாயிற்று, இனி இவன் எதற்கு என்று அப்பா வேண்டுமென்றே பெயரை எடுத்துவிட்டார். அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்திருக்கிறாள், பிள்ளை தெரியாமல் செய்துவிட்டாள் என்று. காலேஜில் படிக்கிற பிள்ளைக்குத் தாய்மாமன் பேர் தெரியாதா என்று ஒரே கேள்வியில் மாமன் அடைத்துவிட்டார். நியாயம்தான். நான் செய்த காரியத்தை ஒரு மனிதப் பிறவி செய்யும் என்று யாரால்தான் நம்ப முடியும்? துரோகம் என்றால் நம்பலாம். அதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. பட்டம் கட்ட ஆள் இல்லை. ஒன்றுவிட்ட மாமன் யாரையாவது வைத்துக் கட்டிவிடலாம் என்று பெரியப்பா ஒரு யோசனை சொன்னார். சரசக்கா, வேற யாரு கட்டினாலும் நான் மணையில் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் அவள் பின்னாலேயே போனேன். திட்டுவாள், ரெண்டு அடி போடுவாள், வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன். அவள் திட்டவில்லை.

"எங்கண்ணாலம் தள்ளிப் போனாப் போகட்டும் கமலா. அப்பா இப்படிப் பண்ணுவாருன்னு மாமன் நெனைச்சுட்டு இருக்கறாரு பாரு, அதைத்தான் தாங்க முடியலை. நீ போய்ச் சொல்லு. நீ எப்படி யோசிச்சியோ அப்படியே சொல்லு" என்றாள். அழாமல் சொன்னாள். நான் அழுதேன்.

மறுநாள் காலேஜ் பையோடு கோவிந்தாபுரத்தில் போய் இறங்கினேன். மாமன் களத்தில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கடலை காய்ந்துகொண்டிருந்தது. வா அம்மிணி என்றார், முகத்தைப் பார்க்காமல். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். எஸ்தர் மிஸ், சோப்பு உறை, விரல், பஸ்ஸுக்கு வெளியே நீட்டிய கை, ஒன்று விடாமல். அப்பா பத்திரிகையைப் படிக்கவே இல்லை, அவர் பெயரை மட்டும்தான் பார்த்தார் என்பதையும் சொன்னேன். மாமன் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"உங்கொப்பன் நல்லாத்தான் சொல்லிக் குடுத்து அனுப்பிச்சிருக்கறாரு. ஏன் அம்மிணி, இப்படி ஒரு படிப்பு ஒலகத்துல இருக்குமா?"

இருக்குங்க மாமா என்றேன். சத்தியமாக இருக்குங்க என்றேன். என் அசட்டுத்தனத்தை நிரூபிக்க முடியாமல் நான் தவித்த தவிப்பு எந்தப் பரீட்சையிலும் தவிக்காதது. மாமன் பொய்யைக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று நினைத்திருக்க வேண்டும். தான் எழுதிக்கொண்டிருந்த தாளை நீட்டினார். மாசியில் வருகிற மாரியம்மன் பொங்கலுக்கு நோட்டீஸ். கோயில் காரியம் அவர் பொறுப்பு. வருஷா வருஷம் அவரே எழுதுவார். எங்கே, உன் காலேஜு முறைப்படி இதைப் படித்துக் காட்டு என்றார்.

நான் பையிலிருந்து பென்சிலை எடுத்தேன்.

எதற்கு வந்தேன் என்பதை அந்த நிமிஷமே மறந்துபோனேன். இதுதான் என் ஜாதகம். எழுத்தைக் கண்டதும் விரல் தானாக நீண்டது. 'நாடு செழிக்க நல்மழை பொழிவிக்கும், கேட்ட வரம் கேட்டபடி அருளும், அகிலமெல்லாம் ஆளும்' என்று ஆரம்பித்திருந்தார். இதெல்லாம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதானுங்களே மாமா என்று அடித்தேன். 'பக்தகோடிகள் அனைவரும்.' பக்தி இல்லாதவர்கள் எப்படியும் வரமாட்டார்களே. அடித்தேன். 'குடும்பத்துடன்.' பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டா வருவார்கள்? அடித்தேன். நன்கொடை கொடுத்தவர்கள் பெயர் வரிசையாக இருந்தது. கொடுத்தவர்களுக்குக் கொடுத்தது தெரியும், வாங்கியவர்களுக்கு வாங்கியது தெரியும். மொத்தமாக ஒரு கோடு. அதில் மாமன் பெயரும் போயிற்று என்பது கோடு போட்ட பிறகுதான் தெரிந்தது. மாமனின் மீசை ஒருமுறை அசைந்தது.

கடைசியாக ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தேன். யோசித்தேன். இந்த ஊரில் இருப்பது ஒரே கோயில், வருஷத்துக்கு ஒரே பொங்கல், கிழமையும் போட்டாயிற்று. பிறகு யாருக்குப் பொங்கல் என்று எவனாவது கேட்பானா? அதையும் அடித்துவிட்டுத் தாளை மாமன் கையில் கொடுத்தேன்.

மாமன் வாய்விட்டுப் படித்தார். "பொங்கல். செவ்வாய்க்கிழமை. வரவும்."

மோர் கொண்டுவந்த அத்தை சொம்போடு அப்படியே நின்றாள். மாமன் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். மறுபடி முன்பக்கம் பார்த்தார்.

"மாரியாத்தா எங்க அம்மிணி?"

எடுத்துட்டேனுங்க மாமா என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது என் காதில் விழுந்தது. மாமன் பெயரை எடுத்ததற்கு மன்னிப்புக் கேட்க வந்தவள், வந்த இடத்தில் அவர் கண் முன்னாலேயே காவல் தெய்வத்தை எடுத்து அக்கட்டால போட்டிருக்கிறேன்.

மாமனின் தோள் முதலில் குலுங்கியது. அடிக்கத்தான் எழுகிறார் என்று நினைத்துப் பின்னால் நகர்ந்தேன். ஆனால் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சத்தம் வராத சிரிப்பு. பிறகு சத்தம் வந்தது. பிறகு இருமல் வந்தது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"ஆத்தாளுக்கே எடமில்லீன்னுட்டா பாரு. அப்பறம் நானெல்லாம் எந்த மூலைக்கு?" என்றார் அத்தையிடம். பிறகு என் தலையில் கையை வைத்தார். "உங்கொப்பன் மேல தப்பில்லை கண்ணு. இது உன்ற வேலையேதான். இதைச் சொல்லிக் குடுத்துச் செய்ய வெக்க முடியாது."

நான் திரும்பிய பஸ்ஸிலேயே மாமனும் என்னோடு கிளம்பினார். நான் கோடு போட்டு அடித்த நோட்டீஸைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் எடுத்துக் காட்டிக்கொண்டே வந்தார். (அன்றைக்கு பஸ்ஸுக்கு வெளியே தலையை நீட்டலாமா என்று எனக்கே தோன்றியது.) வாசலில் மாமனைப் பார்த்ததும் அப்பா எழுந்து ஓடிவந்தார். மாமன்தான் முதலில் பேசினார். சந்தேகப்பட்டது என் தப்பு, மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று தன்னைவிட இளையவரான அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அப்படி ஒரு மனிதர் அப்படிச் சொல்லும்போது பக்கத்தில் நிற்கக்கூட எனக்குத் தகுதியில்லை என்று தோன்றியது. சரசக்கா சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள்.

பத்திரிகையைப் புதிதாக அடிக்க அப்பா கிளம்பியபோது மாமன் தடுத்துவிட்டார். நல்ல தாள், பாதி இடம் காலி, எதற்கு வீணாக்குவது என்றார். யாரால் போயிற்றோ அவள் கையாலேயே வரட்டும் என்றும் சொன்னார். மீதி அத்தனை பத்திரிகையிலும் பெரியோர்களால் நிச்சயிக்கப்பட்டதிலிருந்து சுற்றமும் நட்பும் சூழ்வது வரைக்கும், கடைசிச் சித்தப்பா பெயர் வரைக்கும், நான் கையால் எழுதினேன். சரசக்கா மசி ஊற்றிக் கொடுத்தாள். கல்யாணப் பெண்ணுக்கு மருதாணிச் சிவப்பு, எனக்கு மசிக் கறுப்பு. தாய்மாமன் பெயரை மட்டும் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பெரிதாக எழுதினேன். கையெழுத்துப் பத்திரிகை வந்த வீடுகளில் எல்லாம், எங்களுக்கென்று தனியாக எழுதியிருக்கிறார்கள் என்று ஏக மகிழ்ச்சி.

கல்யாணத்துக்கு எஸ்தர் மிஸ் வந்திருந்தார். மாமன் பட்டம் கட்டினார். அந்தப் பெரிய விரல்கள் சரசக்காவின் நெற்றியில் எவ்வளவு மெதுவாக நகர்ந்தன என்பதைப் பந்தலே பார்த்தது. கட்டி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிவந்தவர் நேராக மிஸ் முன்னால் போய் நின்றார்.

"ஏனுங்க டீச்சரம்மா, எங்க மாரியாத்தாளை எடுக்கச் சொன்னது நீங்கதானுங்களா?"

மிஸ் எழுந்து நின்றுவிட்டார். கிறிஸ்தவப் பெண், புது ஊர், எதிரே அந்த மீசை. "நான் சோப்புத் தாளுதாங்கய்யா குடுத்தேன். சாமி பக்கமே போகலை" என்றார். மாமன் சட்டைப் பையிலிருந்து நோட்டீஸை எடுத்து நீட்டினார். மிஸ் படித்தார். கல்யாணப் பந்தல் என்பதையும் மறந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தத் தாளைத் தனக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். மாமன் கொடுக்கவில்லை, பதிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மிஸ்ஸுக்குப் பந்தி விசாரித்தார்.

திங்கட்கிழமை வகுப்பில் மிஸ் மேஜைமேல் இருந்தது மாமன் திருப்பிக் கொடுத்த, கையால் எதுவும் எழுதாத பத்திரிகை. என்னிடம் கேட்டுத்தான் வாங்கினார், என் பெயரைச் சொல்லவும் இல்லை. காலியான இடத்தில் விரலை வைத்தார்.

"இங்க இல்லாத ஆளு இதைப் படிச்சா அவங்களுக்கு என்ன குறையும்னும் பாக்கணும்லா. அதை நான் உங்களுக்குச் சொல்லித் தரல. அது என் குறைதான்" என்றார்.

வகுப்பில் ஒரு பிள்ளை செய்த தப்பைத் தன் கணக்கில் எழுதிக்கொண்ட ஆசிரியரை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. நானும் பிற்பாடு ஆசிரியை ஆனேன்; என்னால் ஒருமுறைகூட அப்படிச் சொல்ல முடிந்ததில்லை.

மாமன் அந்த வருஷம் நோட்டீஸை மறுபடி முழுதாக எழுதி, அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் எங்கள் வீட்டுக்கு அனுப்பினார். 'ஆத்தா இருக்காளான்னு கமலம் பாத்துச் சொல்லட்டும்' என்று ஓரத்தில் எழுதியிருந்தார். நான் பார்த்து, இருக்கிறாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அடுத்த வருஷமும் வந்தது. கல்யாணமாகி நான் போன ஊருக்கும் தபாலில் வந்தது. மாமன் காலத்துக்குப் பிறகு அவர் மகன் அனுப்ப ஆரம்பித்தார். இப்போது பேரன் போனில் படம் எடுத்து அனுப்புகிறான். அனுப்பிய கையோடு கூப்பிட்டும் விடுகிறான்.

"பாத்துட்டீங்களா? ஆத்தா இருக்கறாங்களா?"

கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, மழை பொழிவிப்பதிலிருந்து அகிலம் ஆள்வது வரைக்கும் ஒரு சொல் விடாமல் பார்க்கிறேன். இருக்கறாங்க சாமி என்று நான் சொன்ன பிறகுதான் கோவிந்தாபுரத்தில் நோட்டீஸ் அச்சுக்குப் போகிறது.